மூக்கர் பார்த்த காற்று

படகில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவோம். மூக்கு பெரிது என்பதற்காக வைத்த பெயர் இல்லை. அதற்காகச் சின்ன மூக்கு என்றும் சொல்லமாட்டேன். காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வரப்போகிறது என்பதை மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவார் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. கரையில் அவருக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, இந்த ஜன்னலுக்கு இந்தத் துணிதான் அழகாக விழும் என்று சொல்லிவிட்டு வருவார். கடையின் பின்னறையில் அவர் மனைவி மெஷினில் உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுப்பார். "வாரத்துல ஆறு நாள் துணியைத் தொங்கவிட்டுச் சம்பாதிக்கிறாரு, ஏழாவது நாள் துணியைத் தொங்கவிட்டுத் தொலைக்கிறாரு" என்பது அந்த அம்மாளின் பேச்சு.

அந்த ஏழாவது நாளில் படகில் நாங்கள் நான்கு பேர். படகு பல் டாக்டருடையது. சுக்கானும் அவர் கையில். பெரிய பாயின் கயிறு என் பொறுப்பு. நான் சலூன் வைத்திருப்பவன். கையும் வாயும் சேர்ந்தே ஓடிப் பழகியவன். ஆகவே எனக்கு ரேடியோ என்று பெயர். முன்தளத்தில் நின்று பாய்களை ஏற்றி இறக்குவது மூக்கரின் மனைவியுடைய தம்பி. மூக்கருக்கு மச்சான் என்பதால் எங்கள் எல்லோருக்குமே அவன் மச்சான் ஆகிவிட்டான். அறுபது வயது டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். துறைமுகத்தில் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசும் வேலை அவனுக்கு. அக்கா வீட்டு மாடி அறையில்தான் ஜாகை.

பின்பக்கமிருந்து காற்று வரும்போது எந்தப் பாயை ஏற்றுவது என்று முடிவு செய்வதும், ஏற்றிய பாயை ஓட்டுவதும் மூக்கரின் வேலை. போட்டியில் பாதித் தூரம் காற்றை எதிர்த்துப் போவோம். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிடும். அப்போது படகின் முன்னால் பலூன் மாதிரி உப்பும் ஒரு பெரிய பாயை ஏற்றுவார்கள். ஸ்பினாக்கர் என்பார்கள். எங்களிடம் இரண்டு இருந்தன. மெல்லிய வெள்ளைத் துணியில் பெரியது ஒன்று, கனத்த சிவப்புத் துணியில் சற்றே சிறியது ஒன்று. துணிக்கடைக்காரர் பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? வெள்ளைக்கு மஸ்லின், சிவப்புக்குக் கம்பளி. இளங்காற்றுக்கு மஸ்லின், வலுத்தால் கம்பளி. இது யாருக்கும் புரியும். காற்று எவ்வளவு என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காற்றோடு சேர்ந்து ஓடும்போது காற்றின் பலம் நமக்குத் தெரியாது. பன்னிரண்டு மைல் வேகக் காற்றில் படகு ஆறு மைல் வேகத்தில் ஓடினால், முகத்தில் படுவது மிச்சம் ஆறுதான். சட்டை லேசாகப் படபடக்கும், வெயில் இதமாக இருக்கும், ஆகா என்று காலை நீட்டத் தோன்றும். பின்னால் காற்று ஏற ஏறப் படகும் வேகமெடுப்பதால், ஏறியதே உறைக்காது. "முகத்தை நம்பாதீங்கடா, முதுகுப் பக்கம் தண்ணியைப் பாருங்க" என்று மூக்கர் ஓதாத நாள் கிடையாது. தண்ணீர் கறுத்தால் காற்று வருகிறது. கறுப்பில் வெள்ளை நுரை தெரிந்தால் மஸ்லினின் வேலை முடிந்தது. அதற்கு மேல் வைத்திருந்தால் துணி கிழியும், இல்லையென்றால் படகு சாயும். என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட, எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லித் தராத குறையாக இதையே சொல்வார்.

பாயை அவர் ஓட்டுவது பார்க்க வேண்டிய காட்சி. கையில் பக்கக் கயிறு, கண் பாயின் ஓரத்தில். ஓரம் லேசாக மடங்கும் வரை கயிற்றை விடுவார். மடங்கியதும் ஒரு சாண் இழுப்பார். மறுபடி விடுவார், மறுபடி இழுப்பார். கழுத்தைக் கீழே இறக்கவே மாட்டார். அந்த நேரத்தில் அவரிடம் பேசினால் பதில் வராது. நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

இத்தனை திறமை இருந்தும் நாங்கள் ஒருநாளும் முதலில் வந்ததில்லை. ஒரு சிமெண்ட் வியாபாரியின் நீலப் படகு எப்போதும் எங்களுக்கு முன்னால் வரும். எங்களுக்கு இரண்டாமிடம் மாதச் சம்பளம் மாதிரி. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. டாக்டருக்கு அது உறுத்தவில்லை. எனக்கும் இல்லை. மூக்கருக்கு உறுத்தியது என்று பிறகுதான் தெரிந்தது.

பருவத்தின் கடைசிப் போட்டி அன்று, திரும்ப வேண்டிய மேல் மிதவையைச் சுற்றும்போது காற்று இளசாகத்தான் இருந்தது. மூக்கர் மஸ்லின் என்றார். சரியான தேர்வு, அதில் இன்றைக்கும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நீலப் படகுக்காரர்கள் ஏதோ பயத்தில் கனத்த பாயை ஏற்றியிருந்தார்கள். மஸ்லின் எங்களை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் நிறுத்தியது. பிறகு மெல்லத் தாண்டவும் வைத்தது. பல வருஷமாக அவர்களுடைய முதுகை மட்டுமே பார்த்து வந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு முகம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கையாட்டினேன், சிமெண்ட்காரர் ஆட்டவில்லை.

போட்டி முடியும் கீழ் மிதவைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். முன்தளத்திலிருந்து மச்சான் கத்தினான்.

"அத்தான், மாத்தலாமா? கம்பளி தயாரா இருக்கு."

மூக்கர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்; அவர் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன். பிறகு முன்னால் திரும்பினார்.

"இரு. தாங்கும்."

மூக்கர் பார்த்துவிட்டுச் சொன்னால் அப்புறம் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? டாக்டர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, மச்சானும் தன் இடத்திலேயே நின்றான்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எடுக்கும் நேரம்கூட அது நடக்க எடுக்கவில்லை. பின்னாலிருந்து காற்று அறைந்தது. படகு துள்ளி ஓடி, காற்றை நோக்கித் திரும்பி, பக்கவாட்டில் படுத்தது. மஸ்லின் உச்சியிலிருந்து குறுக்கே கிழிந்தது. "இறக்கு!" என்று டாக்டர் கத்த, மச்சான் ஏற்றுக்கயிற்றை அவிழ்த்துவிட்டான். பாய் பாதி இறங்கி நின்றுவிட்டது. அவிழ்த்த கயிறு அவன் காலடியில் குவியலாகக் கிடந்தது. எவ்வளவு உதறியும் மேலே ஓடவில்லை. கிழிந்த பாதி காற்றில் அடித்துக்கொண்டு படகை இன்னும் சாய்த்தது. டாக்டர் சுக்கானை விட்டுவிட்டு, உருளையில் சுற்றியிருந்த பக்கக் கயிற்றை விடுவிக்கக் கையை நீட்டினார். கயிறு வெடுக்கென்று இறுகி அவருடைய வலது கை விரல்கள் இரண்டைக் கவ்வியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியில் மச்சான் தொங்கித் தொங்கி, வெறும் கையால் அந்தப் பாயைக் கயிற்றிலிருந்து பிய்த்து இறக்கினான்.

கரைக்கு வந்ததும் முதலில் பேசியது மச்சான்தான். "என் கயிறு சிக்கிடுச்சு சார். நான் ஒழுங்காச் சுத்தி வைக்கல போல இருக்கு." டாக்டர் வலியிலும் பெரிய மனுஷனாக, "காத்து ஏமாத்திடுச்சுப்பா, மூக்கரையே ஏமாத்திடுச்சு" என்றார். மூக்கரின் பழி காற்றின் மேல் போனது, கயிற்றின் பழி மச்சான் மேல் விழுந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டு மூக்கர் ஈரச் சட்டையைப் பிழிந்தபடி நின்றார்.

பல் டாக்டருக்கு வலது கை போனால் மிச்சம் என்ன? ஆஸ்பத்திரி அறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். விரல் கூடும், ஆனால் பழையபடி பல் பிடுங்க நாளாகும் என்றார்கள். இந்தச் செய்தி வந்ததிலிருந்து மூக்கரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரே கச்சேரிதான். அந்த அம்மாளுக்குத் தம்பி மேல் உயிர்; ஆனால் அவர் பாசத்தைத் திட்டாகத்தான் காட்டுவார். "ஒரு கயிறு, ஒரே ஒரு கயிறு, அதைச் சுத்தி வைக்கத் தெரியல உனக்கு. ஒரு மனுஷனோட பொழைப்பையே முடிச்சிட்டு வந்து உக்காந்திருக்க." மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். சில நாள் சாப்பிடாமலே மாடிக்குப் போய்விடுவான்.

இதில் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. கடல் தாண்டிப் போட்டிக்குப் போகும் பெரிய படகு ஒன்று அப்போது துறைமுகத்துக்கு வந்திருந்தது. முன்தளத்துக்குச் சம்பளத்தோடு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். விபத்துக்கு முன்னாலேயே மச்சானின் வேலையைப் பார்த்து, வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை. விபத்துக்குப் பிறகு அவனே அந்தப் படகின் கேப்டனிடம் போய், "என்னை எடுக்காதீங்க, என் கையால ஒருத்தர் விரல் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான். கேப்டன் நல்ல மனுஷர் போலிருக்கிறது. கிளம்பும் வரை யோசி என்று சொல்லி அனுப்பினார். அவன் யோசிக்கவில்லை. கையுறை, ரப்பர் காலணி, கத்தி என்று கடலில் போடும் சாமான்களையெல்லாம் யார் யாருக்கோ கொடுக்க ஆரம்பித்தான்.

இந்த நேரத்தில்தான் மூக்கர் முடி வெட்ட வந்தார். மத்தியான வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. துணியைக் கழுத்தில் கட்டி, வலது பக்கம் முழுக்க வெட்டி முடித்திருந்தேன். வழக்கமாக இதற்குள் காற்று, தண்ணீர், முதுகுப் பக்கம் எல்லாம் ஒரு சுற்று வந்திருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த எனக்கே குறுகுறுத்தது.

"ரேடியோ, நான் பாத்தேன்யா" என்றார்.

"எதை?"

"அன்னிக்குத் திரும்பினப்போ. தண்ணி கறுத்து வந்துது. மேல நுரை. நல்லாத் தெரிஞ்சுது. மஸ்லின் தாங்காதுன்னு தெரியும்."

கத்தரிக்கோலை நிறுத்தினேன். "அப்புறம் ஏன் தாங்கும்னீங்க?"

"பாயை மாத்த நேரமாகும். நீலப் படகு தாண்டிடும். மிதவை வரைக்கும் வந்துட்டா போதும்னு நினைச்சேன். ஒரே ஒரு தடவைன்னு நினைச்சேன்."

அதோடு நிற்கவில்லை. விபத்துக்கு மறுநாள் படகைச் சுத்தம் செய்ய அவர் தனியாகப் போயிருக்கிறார். நின்றுபோன ஏற்றுக்கயிற்றைப் பலமாக இழுத்தபோது, பாய்மரத்தின் உச்சியிலுள்ள கப்பியிலிருந்து மஸ்லினின் கிழிசல் துண்டு ஒன்று கயிற்றோடு வெளியே வந்து விழுந்திருக்கிறது. கயிற்றில் முடிச்சும் இல்லை, சிக்கலும் இல்லை. கிழிந்த துணி கப்பியில் போய் அடைத்ததால்தான் பாய் இறங்கவில்லை. மச்சான் சுற்றி வைத்த கயிறு சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. படகு சாய்ந்ததில் காலடியில் குவிந்ததைப் பார்த்து அவனே அப்படி முடிவு கட்டிவிட்டான். அந்தத் துணித் துண்டை மூக்கர் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் காதை வெட்டாமல் விட்டது அவர் அதிர்ஷ்டம். காற்றைத் தப்பாகக் கணிப்பது மனுஷனுக்கு இயற்கை. பார்த்துவிட்டுத் தாங்கும் என்று சொல்வது வேறு. அதற்குப் பிறகு, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அந்தப் பையன் தலையில் அது ஏறுவதைத் தினமும் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் வேறு. கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினேன்.

"எழுந்திரிங்க."

"இடது பக்கம் வெட்டலையே."

"டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. வந்தா மிச்சத்தை வெட்டறேன்."

ஒரு பக்கம் ஒட்டவும் ஒரு பக்கம் புதராகவும் அவர் தெருவில் இறங்கிப் போனார். யாராவது இப்படித் தள்ளிவிட வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தாரோ என்னவோ. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் வாயாலேயே நான் கேட்டது.

டாக்டர் கதவைத் திறந்ததும் அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். கட்டுப் போட்ட கையோடு கூடத்தில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது. கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"படகு என்னுது. சுக்கானும் என் கையில. திரும்பிப் பாக்க எனக்கும் கழுத்து இருக்கு. என் விரலுக்காக உங்களை நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் தினமும் இங்க வந்து, கீழ உக்காந்து, மன்னிச்சிடுங்க சார்னு சொல்லிட்டுப் போறான். நானும் பரவாயில்லப்பான்னு சொல்லி அனுப்பறேன். அவன் செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் குடுத்துட்டு இருக்கேன். அதுக்கு நான் என்ன செய்யறது, சொல்லுங்க."

மூக்கர் எழுந்து நின்றதும் டாக்டரே சொன்னார்.

"கேப்டன்கிட்ட நான் பேசிக்கிறேன். அவன்கிட்ட நீங்கதான் பேசணும்."

மாடி அறையில் மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, கொடுப்பதற்காக எடுத்து வைத்த காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கர் நின்றபடியே சொல்லி முடித்தார். பையிலிருந்த துணித் துண்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். மச்சான் அதை எடுத்துப் பார்த்தான். கத்துவான், அடிப்பான் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். அவன் மெதுவாகக் கேட்டான்.

"நான் மாத்தலாமான்னு கேட்டப்பவே பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"முன்னாடி நான்தான் நிக்கறேன்னு தெரியுமில்ல அத்தான்?"

"தெரியும்."

மச்சான் காலணியை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். மூக்கர் கதவருகே போனபோது மட்டும் கூப்பிட்டான்.

"அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. என்னைத் திட்டுனதை நினைச்சு நினைச்சு அழுவா. உங்களையும் நிம்மதியா இருக்க விடமாட்டா. நான் போறவன்தானே, திட்டு வாங்கிட்டே போறேன்."

இதை என்னிடம் சொன்னபோது மூக்கர் அழுதார். அவர் இடது பக்கத்தை வெட்டிக்கொண்டே நான் கேட்டேன். அன்றைக்கு நானும் அதிகம் பேசவில்லை. அவன் அறைந்திருந்தால் தேவலை என்றார். பொறுத்துக்கொண்டவன் தன் அக்காவுக்காகப் பொறுத்துக்கொண்டான், அதில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் சொல்லாதே என்று அவனே சொல்லிவிட்டதால், சொல்லாமல் இருக்க அவருக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஓட்டினார். சாப்பாட்டு மேஜைக் கச்சேரி அது பாட்டுக்கு நடந்தது.

பெரிய படகு கிளம்பும் காலையில் எல்லோரும் துறைமுகத்துக்குப் போனோம். டாக்டர் வந்திருந்தார், கையில் கட்டு சின்னதாகியிருந்தது. கேப்டன் மச்சானின் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அந்த அம்மாள் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார், சாப்பிடாமல் இருக்காதே என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவரால் அடக்க முடியவில்லை.

"அங்கயாவது கயிறை ஒழுங்காச் சுத்தி வைடா. இன்னொருத்தர் விரலையும் எடுத்துடாத."

கேப்டன் பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் கடலைப் பார்த்தார். மச்சான் சிரித்துக்கொண்டே, "சரிக்கா" என்றான்.

"அவன் கயிறு ஒழுங்காத்தான் இருந்துது" என்றார் மூக்கர்.

மச்சான் வேகமாகத் திரும்பினான். "அத்தான், வேணாம்."

மூக்கர் நிறுத்தவில்லை. தண்ணீர் கறுத்ததையும், நுரையையும், தாங்கும் என்று சொன்னதையும், கப்பியில் இருந்த துணியையும், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அவர் முடித்தபோது படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த அம்மாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவனைத் திட்டும்போதெல்லாம் நீங்க பக்கத்துலதான உக்காந்து சாப்பிட்டீங்க?"

"ஆமா."

"ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"ஆமா" என்றார் மூக்கர்.